வைசாலே செரேவி: மைதானத்தில் அரசர், மைதானத்துக்கு வெளியே ஆசிரியர்

வைசாலே செரேவி ஃபிஜி நாட்டின் ரக்பி ஆட்டக்காரர். ஏழு பேர் ஆடும் ரக்பியில் இவரைவிடப் பெரிய பெயர் இன்றுவரை யாருக்கும் அமையவில்லை. 1989-ல் நாட்டுக்காக ஆடத் தொடங்கினார். இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தார். ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் ஆனார். பதவி போய், திரும்பக் கிடைத்து, மறுபடியும் போனது. அமெரிக்காவில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு இந்திய அணிகளின் தலைமைப் பயிற்சியாளராக நம் நாட்டுக்கும் வந்தார். நல்ல ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆவாரா என்ற பழைய கேள்வியை இவர் வாழ்க்கையை வைத்து ஓரளவு அளந்து பார்க்கலாம்.

ரக்பி தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். பந்து முட்டை வடிவம். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு எறியும்போது முன்னால் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறிய வேண்டும். எல்லா நுணுக்கமும் இந்த ஒரு விதியிலிருந்து பிறக்கிறது. முன்னேறுவதற்கு ஓட வேண்டும், ஓடினால் எதிரி பிடிப்பார், பிடிபடும் முன் பின்னால் வருபவருக்குப் பந்து போய்ச் சேர வேண்டும். பந்து வைத்திருப்பவரை இடுப்போடு கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம். திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் பொங்கல் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிடி புதிதல்ல. பாடி வந்தவரின் காலைக் கவ்வும் அதே வேலைதான், இங்கே அது முழு ஓட்டத்தில் நடக்கிறது. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் 5 புள்ளி. இதற்கு ட்ரை என்று பெயர். அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மேலும் 2 புள்ளி.

வழக்கமான ரக்பியில் பக்கத்துக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிடம். செரேவி பெயர் பெற்றது இன்னொரு வகையில். அதே அளவு மைதானத்தில் பக்கத்துக்கு ஏழே பேர். பாதிக்கு 7 நிமிடமாக மொத்தம் 14 நிமிடம். முப்பது பேர் நெருக்கியடித்து ஆடும் இடத்தில் பதினான்கு பேர் என்றால் எவ்வளவு வெற்றிடம் கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே உடல் பருமன் பெரிதாக உதவாது. வேகமும் மூச்சும் கண்ணும் உள்ளவர்தான் நிற்பார்கள். ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சிற்றூரில் 1883-ல் இந்த வகை பிறந்தது. உள்ளூர் சங்கத்துக்குப் பணம் திரட்ட வழி தேடியபோது, நெட் ஹெய்க் என்ற இறைச்சிக் கடைக்காரர் சொன்ன யோசனை இது. நீண்ட காலம் பக்கத்து ஊர்த் திருவிழா மாதிரி இருந்ததை 1976-ல் தொடங்கிய ஹாங்காங் போட்டி உலக ஆட்டமாக்கியது. அடுத்த ஆண்டே அந்தக் கோப்பையை ஃபிஜி தூக்கிக்கொண்டு போனது.

ஃபிஜி, பசிபிக் கடலில் 300-க்கும் மேற்பட்ட தீவுகள் சேர்ந்த நாடு. மக்கள் தொகை சுமார் 9 லட்சம். தமிழருக்கு அந்நாடு அயலல்ல. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் 1879 முதல் கல்கத்தாவிலிருந்தும், 1903 முதல் சென்னையிலிருந்தும் போயின. 1916 வரை போன அறுபதாயிரத்துச் சொச்சம் பேரில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் தென்னிந்தியர். அதிகமாக ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களில் ஒன்று வட ஆர்க்காடு. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருத்தணிப் பகுதி அந்தக் கப்பல்கள் போகத் தொடங்கியபோது அதில்தான் இருந்தது. நாடி நகரத்தின் சிவசுப்பிரமணியர் கோயிலும், 1926-ல் தொடங்கிப் பள்ளிக்கூடங்கள் நடத்திவரும் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கமும் அவர்கள் வழிவந்தவை. ஆனால் ஃபிஜியில் விளையாட்டு இரண்டாகப் பிரிந்தே வளர்ந்தது: பூர்வகுடிகளுக்கு ரக்பி, இந்திய வம்சாவளியினருக்குக் கால்பந்து. சங்கத்தின் பெயரிலேயே கால்பந்துப் போட்டிகள் நடக்கின்றன. ஒரே தெருவில் வளர்ந்த பிள்ளைகள் மாலையானால் வேறு வேறு மைதானத்துக்குப் போன நாடு அது. இந்தியாவுக்கு ரக்பி கற்றுக்கொடுக்க ஃபிஜியிலிருந்து ஒருவர் வந்தார் என்பதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

செரேவி 1968-ல் பிறந்தவர். ஃபிஜிச் சிறுவர்களுக்கு ரக்பி பயிற்சி என்று தனியாக ஒன்று கிடையாது. பந்து இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாட்டில், அதுவும் இல்லாவிட்டால் செருப்பு. கடற்கரை மணலில் இருட்டும் வரை ஆட்டம். மணலில் ஓடிய கால் புல்லில் பறக்கும். தூக்கி எறியப்பட்ட பாட்டிலைப் பிடித்த கைக்குப் பந்தைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. வயது ஏறிய பிறகு சொல்லிக்கொடுத்து வராத ஒரு கூர்மை அங்கே பத்து வயதுக்குள் வந்துவிடுகிறது. செரேவி உயரமும் இல்லை, பருமனும் இல்லை. 1.7 மீட்டரைத் தொடுவதே சிரமம். 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் இறுதியாட்டத்தில் எதிரே இருந்த நியூசிலாந்து அணியில் 1.96 மீட்டர் உயரமுள்ள ஜோனா லோமு இருந்தார். அப்படிப்பட்டவர்கள் நடுவில்தான் செரேவி தம் காலத்தைக் கழித்தார்.

அவர் ஆடிய விதத்தை ஒரு காட்சியில் சொல்லலாம். பந்தை இரண்டு கையாலும் மார்புக்கு முன் ஏந்திக்கொண்டு ஓடி வருவார். எதிராளி நெருங்கும்போது வேகத்தைக் குறைப்பார், ஏறக்குறைய நடையாகவே ஆக்கிவிடுவார். எதிராளியும் தம்மை அறியாமல் நின்றுவிடுவார். பந்து இடப்பக்கம் போகுமா வலப்பக்கம் போகுமா என்று அவர் கண் அலையும். செரேவியின் தோள் இடப்பக்கம் சாயும், கைகள் எறிவது போலப் போகும், பந்து மட்டும் கையை விட்டுப் போகாது. எதிராளியின் எடை இடக்காலுக்கு மாறிய அந்த நொடியில் செரேவி வலப்பக்கம் பாய்ந்திருப்பார். யாராவது குறுக்கே வந்தால் மைதானத்தின் அகலம் முழுக்கப் பறக்கும் ஒரு நீண்ட எறி. அதைப் பிடிக்க ஒரு வேக ஓட்டக்காரர் கோட்டோரம் தயாராக இருப்பார். ட்ரை விழுந்ததும் பந்தைத் தரையில் குத்தி எழும்பும்போது உதைக்கும் டிராப் கிக்கையும் அவரே எடுப்பார். ஓடவும் எறியவும் உதைக்கவும் ஒரே ஆள்.

1990, 1991, 1992 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஃபிஜி ஹாங்காங் கோப்பையை வென்றது. 1997-ல் அதே ஹாங்காங்கில் உலகக் கோப்பை. இறுதியில் தென்னாப்பிரிக்காவை 24–21 என்று வென்றது ஃபிஜி. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் செரேவி. மரிக்கா வுனிபாக்கா போன்ற வேகக்காரர்கள் ட்ரை குவித்தார்கள் என்றால், அவர்களுக்கு வழி திறந்துவிட்டது செரேவியின் கை. 1993 முதல் 2005 வரை நான்கு உலகக் கோப்பைகளில் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 297. அந்தச் சாதனை அவர் பெயரில் இருக்கிறது.

15 பேர் ஆட்டத்தில் அவருக்கு இந்தப் புகழ் கிட்டவில்லை. ஃபிஜிக்காக 1991, 1999, 2003 உலகக் கோப்பைகளில் இருந்தார். ஜப்பானில் மிட்சுபிஷி, இங்கிலாந்தில் லெஸ்டர் டைகர்ஸ், பிரான்சில் மோன்ட் தெ மார்சான் என்று சங்கம் சங்கமாக ஆடினார். ஆனால் இடம் நெருக்கடியான அந்த ஆட்டத்தில் அவரை எந்த இடத்தில் நிறுத்துவது என்ற குழப்பம் பயிற்சியாளர்களுக்குத் தீரவே இல்லை. திறமை எவ்வளவு இருந்தாலும் அதற்கேற்ற களம் அமைய வேண்டும் என்பதை ஆட்டக்காரராக இருந்தபோதே அவர் பட்டறிந்திருப்பார்.

2005 மார்ச்சில் உலகக் கோப்பை மறுபடி ஹாங்காங்குக்கு வந்தது. செரேவிக்கு அப்போது 36 வயது. இந்த ஆட்டத்தில் அது தாத்தா வயது. அணியின் பயிற்சியாளர் நியூசிலாந்துக்காரரான வெய்ன் பிவாக். அரையிறுதியில் இங்கிலாந்துடன் சமநிலையாகி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. முதலில் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி என்ற நிலையில் ஃபிஜி 24–19 என்று தப்பித்தது. இறுதியில் நியூசிலாந்து 19, ஃபிஜி 29. கோப்பையை இரண்டு முறை வென்ற முதல் நாடு ஃபிஜி ஆனது.

அதே ஆண்டு அணியின் பொறுப்பு செரேவியிடமே வந்தது. ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. இந்த இரட்டை வேலை இன்றைய தொழில்முறை விளையாட்டில் மிக அரிது, காரணமும் தெளிவு. அணியைத் தேர்ந்தெடுப்பவர் தம்மையும் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே யாரை மாற்றலாம் என்று யோசிக்க வேண்டும். நேற்றுவரை தோளில் கைபோட்டுக்கொண்டு திரிந்தவரை இன்று வெளியே உட்கார வைக்க வேண்டும். அனுகூலம் ஒன்றுதான், ஆனால் அது சிறியதல்ல: திட்டம் போட்டவரே பந்தைக் கையில் வைத்திருக்கிறார்.

அவருக்கு எதிரே இருந்தவர் கார்டன் டீட்ஜன்ஸ். 1994 முதல் 2016 வரை நியூசிலாந்தின் ஏழு பேர் அணியை நடத்திய பயிற்சியாளர். ஆட்களை வாந்தி எடுக்கும் வரை ஓட வைப்பவர் என்று பெயர் வாங்கியவர். உடல் தகுதியில் ஒரு துளி விட்டுக்கொடுக்க மாட்டார். நகரம் நகரமாக நடக்கும் உலகத் தொடர் 1999-ல் தொடங்கியதிலிருந்து ஆறு முறையும் பட்டம் அவருடைய அணிக்கே போயிருந்தது. ஏழாவது தொடரான 2005–06-ல் செரேவியின் ஃபிஜி அதைப் பறித்தது. இளைஞரான வில்லியம் ரைடர் அந்த அணியில் பளிச்சிட்டார். செரேவியின் வாரிசு என்றே அவரைப் பேசினார்கள். அதே 2006-ல் மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். 1998-லும் 2002-லும் கிடைத்த வெள்ளிக்கு இது ஒரு படி கீழேதான். காமன்வெல்த் தங்கம் செரேவிக்கு எப்போதும் கிடைக்கவில்லை.

பயிற்சியாளராக அவருடைய உச்சம் அந்த ஒரு தொடர்தான் என்று சொன்னால் தவறில்லை. அது அவர் தாமும் உள்ளே நின்று ஆடிய காலத்தில் வந்தது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

2007-ல் ஃபிஜி ரக்பி சங்கம் அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. அந்த 2006–07 தொடரின் பட்டம் கடைசிக் கட்டத்தில் நியூசிலாந்துக்குத் திரும்பிப் போனது. பிறகு செரேவியை மறுபடி அழைத்தார்கள்; மறுபடி மாற்றினார்கள். 2009-ல் துபாயில் உலகக் கோப்பை நடந்தபோது பொறுப்பு இலியேசா தனிவுலாவிடம் இருந்தது. ஃபிஜி காலிறுதியில் கென்யாவிடம் 26–7 என்று தோற்று வெளியேறியது. ரக்பியே மூச்சாக இருக்கும் ஒரு நாட்டில் பயிற்சியாளர் நாற்காலி எப்போதும் சூடாகத்தான் இருக்கும். ஆட்டக்காரராக ஒருவர் சேர்த்த புகழ், பயிற்சியாளராகத் தோற்ற மறுநாள் அவருக்குக் குடை பிடிப்பதில்லை.

2009 அக்டோபரில் இன்னொரு முடிவு வந்தது. 2016 முதல் ஏழு பேர் ரக்பி ஒலிம்பிக் ஆட்டம் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு அறிவித்தது. செரேவியின் ஆட்டக் காலம் முடிந்து, பயிற்சியாளர் பதவியும் கைவிட்டுப் போன பிறகு வந்த அறிவிப்பு அது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஃபிஜி, பிரிட்டனை 43–7 என்று நொறுக்கித் தன் வரலாற்றின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, அதுவும் தங்கமாகவே, வாங்கியது. பயிற்சியாளர் பென் ரயன், ஓர் ஆங்கிலேயர். சங்கத்தில் பணமில்லாமல் தொடக்கத்தில் சம்பளம்கூடக் கிடைக்காமல் வேலை பார்த்தவர். நன்றிக்கடனாக ஃபிஜி அரசு 2017-ல் 7 டாலர் நோட்டு ஒன்றை அச்சிட்டது. 50 சென்ட் நாணயத்தில் அவர் உருவத்தைப் பொறித்தது. டோக்கியோவில் இரண்டாம் தங்கம், வேல்ஸ்காரரான கேரத் பேபர் பயிற்சியில். பாரிஸில் பயிற்சியாளராக நின்றவர் ஒசேயா கொலினிசாவ். ரியோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர் அவர்தான். இறுதியில் பிரான்சிடம் 28–7 என்று தோற்று வெள்ளி. உள்ளூர்த் திறமைக்கு வெளியூர் ஒழுங்கு சேர்ந்தபோதுதான் ஃபிஜிக்குத் தங்கம் வந்தது என்று பலர் சொல்வதுண்டு. முழுக்க மறுக்க முடியாத கருத்து. ஆனால் அந்தத் தங்கத்தை வென்ற பிள்ளைகள் சிறு வயதில் யாரைப் பார்த்து ஆடக் கற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நியாயமாகும்.

செரேவி இதற்குள் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் போயிருந்தார். அங்கே 2010-ல் தொடங்கிய செரேவி ரக்பி என்ற நிறுவனம், ரக்பிப் பந்தையே பார்த்திராத பிள்ளைகளுக்கு அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தது. 2013-ல் உலக ரக்பி அமைப்பு அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தது. கோப்பைகளை வைத்து மட்டும் ஒரு பயிற்சியாளரை அளந்தால் இந்தச் சியாட்டில் காலம் கணக்கில் வராது. ஆனால் அவர் உண்மையில் ஆசிரியர் ஆனது இங்கேதான் என்று படுகிறது. மாயக்காரர் தம் வித்தையை விளக்குவது கடினம். தமக்குப் பிறவியில் வந்ததைப் பிறர் ஏன் செய்ய முடியவில்லை என்பதே அவருக்குப் புரியாது. பாட்டிலைப் பிடித்து வளராத கைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால் வித்தையைத் துண்டு துண்டாகப் பிரித்தாக வேண்டும்.

அப்படிப் பிரித்த பாடங்களில் ஒன்று, எந்த ரக்பி முகாமிலும் காலையில் முதலில் காணக் கிடைப்பது: இரண்டு பேருக்கு எதிராக மூன்று பேர். பந்து வைத்திருப்பவர் நேராக முதல் எதிராளியை நோக்கி ஓட வேண்டும். விலகி ஓடினால் பாடம் கெட்டது. எதிராளி தம்மைப் பிடிக்க முடிவெடுத்துவிட்டார் என்று தெரியும் வரை பந்தை விடக் கூடாது. சீக்கிரம் விட்டால் எதிராளி அடுத்தவரிடம் நகர்ந்துவிடுவார்; தாமதித்தால் பந்தோடு கீழே விழ வேண்டும். நடுவில் அரை விநாடி. வாங்குபவர் கைகளை முன்னமே உயர்த்தி விரலை விரித்து வைத்திருக்க வேண்டும், பந்து அந்தக் கைகளுக்கு வர வேண்டும், முதுகுக்குப் பின்னால் அல்ல. செரேவி நடையாக வேகத்தைக் குறைத்தாரே, அது இந்த அரை விநாடியை நீட்டிக்கொள்ளும் உபாயம்தான். மந்திரம் எதுவும் இல்லை. ஆயிரம் முறை செய்தால் யாருக்கும் ஓரளவு வரும்.

இந்தியாவுக்கு வேண்டியது இந்தப் பாடம்தான். ரக்பி இந்தியாவில் பழைய ஆட்டம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் கல்கத்தா கோப்பையே, கலைக்கப்பட்ட கல்கத்தா சங்கத்தின் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்ததுதான். ஆனால் வெள்ளைக்காரர்களின் கிளப்புகளுக்குள் அது நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. இந்தியா தேசிய அணியாக ஆடத் தொடங்கியது 1998-ல். அந்த அணியில் ஆடிய நடிகர் ராகுல் போஸ் பின்னாளில் இந்திய ரக்பிச் சங்கத்தின் தலைவரானார். இன்று ஆட்டம் வேரூன்றியிருப்பது பெருநகரக் கிளப்புகளைவிட ஒடிசாவிலும் பீகாரிலும். புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தின் சிறுவர் அணி 2007-ல் லண்டன் போய்ப் பதினான்கு வயதுக்குட்பட்டோர் கோப்பையை வென்று வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் இளைஞர்களில் சிலர் உள்ளூர்க்காரர்களைவிட இந்த ஆட்டத்தை நன்றாக அறிந்திருக்கக்கூடும்.

செரேவி வந்து சேர்ந்தது இந்தச் சூழலுக்கு. இந்திய ஆட்டக்காரர்களில் பலர் தடகளத்திலிருந்தோ கபடியிலிருந்தோ கோ-கோவிலிருந்தோ வந்தவர்கள். பதினைந்து பதினாறு வயதுக்கு மேல் முதன்முதலாகப் பந்தைத் தொட்டவர்கள் நிறைய. ஓட்டம் இருக்கிறது, பிடி இருக்கிறது, எறியும் கை மட்டும் இல்லை. 2024-ல் அவர் பொறுப்பில் இருந்தபோது காத்மாண்டுவில் நடந்த ஆசிய எழுவர் டிராஃபி போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பெற்றார்கள். ஆசியாவின் முதல் வரிசையில் இருக்கும் ஜப்பான், சீனா, ஹாங்காங் ஆடும் அடுக்குக்கு ஒரு படி கீழே நடக்கும் போட்டி அது. அந்த ஒரு படியை ஏறுவதே இப்போதைக்குப் பெரிய வேலை.

நம் ஊரில் இதற்கு இணை தேடினால் கபடியில் கிடைக்கும். தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. பாஸ்கரன் 2014-ல் புரோ கபடியின் முதல் பட்டத்தை ஜெய்ப்பூர் அணிக்கு வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர். 2017-ல் புதிதாக வந்த தமிழ் தலைவாஸ் அணியின் பொறுப்பை ஏற்றபோது அந்த அணி தன் பிரிவில் கடைசியாக முடிந்தது. ஆள் அவரேதான், கையில் கொடுக்கப்பட்ட அணி வேறு. பயிற்சியாளரின் பெயரைப் பார்த்து முடிவை எதிர்பார்ப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

தமிழ்நாட்டில் ரக்பி இன்னும் பரவலாகவில்லை. 2025 ஜூனில் மும்பையில் ஆறு அணிகளுடன் ரக்பி பிரீமியர் லீக் முதல்முறையாக நடந்தது. வெளிநாட்டு நட்சத்திரங்களும் இந்திய ஆட்டக்காரர்களும் கலந்த அணிகள். இறுதியாட்டத்தில் டெல்லி ரெட்ஸ் அணியை 41–0 என்று வீழ்த்தி முதல் பட்டத்தை வென்றது சென்னை புல்ஸ்.